கிஸ்தியும் க்ஷேமமும்

பாஞ்சாலங்குறிச்சி என்றதும் நம் நினைவில் எழுவன கோட்டையும், பீரங்கியும், 1799-ஆம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில் தூக்கிலே முடிந்த வீரபாண்டிய கட்டபொம்மனின் வாழ்வுமே ஆகும். அந்தச் சண்டை ஒரு கணக்குப் புஸ்தகத்தின் பாக்கிப் பத்தியிலிருந்து தொடங்கிற்று என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. 1792-இல் ஆற்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் மூலம் பாளையங்களில் கிஸ்தி வசூலிக்கும் அதிகாரத்தைப் பெற்ற கும்பினியார், தவணை தவறாமல் செலுத்திய பாளையத்தைச் சீரான பாளையமென்றும், நிலுவை வைத்த பாளையத்தைக் கெட்ட பாளையமென்றும் வகுத்துக்கொண்டார்கள். 1801-இல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் யுத்தமும் அடங்கி, மண்கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு, 1803-இல் ஜமீன்களுக்கு நிரந்தரத் தீர்வை விதிக்கப்பட்ட பிறகு, அந்தப் புஸ்தகத்தில் ஒழுங்கு குடிகொண்டது. சென்னைக் கோட்டையில் உட்கார்ந்து அதைப் புரட்டிய எந்த உத்தியோகஸ்தரும் திருநெல்வேலிச் சீமை அபிவிருத்தி அடைந்துவிட்டதென்றே முடிவு கட்டியிருப்பார். கரிசலில் கம்பும் சோளமும் விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருந்த சம்சாரியின் வீட்டில் இரண்டு வேளை உலை கொதித்ததா என்பதற்கு அந்தப் புஸ்தகத்தில் பத்தி இல்லை.

கும்பினியின் காலம் போயிற்று. கணக்கைக் கொண்டு தேசத்தின் க்ஷேமத்தை அளக்கும் வழக்கம் போகவில்லை. போகவும் வேண்டியதில்லை. கணக்கே இல்லாமல் "நாடு செழிக்கிறது" என்றோ "நாடு பாழாகிறது" என்றோ பேசுகிறவரைவிட, குறையுள்ள கணக்கை வைத்துக்கொண்டு பேசுகிறவர் எவ்வளவோ மேல். ஆனால் எந்தக் கணக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்ற விவேகம் பத்திரிகை வாசிக்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டியிருக்கிறது. வளரும் நாடுகளில் அது இன்னும் அதிகமாக வேண்டும். ஏனெனில் அங்கேதான் கணக்கும் அரைகுறை, அதை நம்பி எடுக்கும் முடிவுகளோ பெரியவை.

இன்று எல்லோர் வாயிலும் அடிபடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தி. ஒரு வருஷத்தில் ஒரு நாட்டின் எல்லைக்குள் விளைந்த பண்டங்களின் மதிப்பையும், செய்யப்பட்ட ஊழியங்களின் மதிப்பையும், ஒன்றை இரண்டு முறை எண்ணிவிடாதபடி கூட்டிச் சொல்வதே அது. உப்பளத்தில் வாரிய உப்பின் விலையைச் சேர்த்துவிட்டால், அந்த உப்பைப் போட்டுப் பதப்படுத்திய கருவாட்டின் விலையில் உப்பின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தையே சேர்க்க வேண்டும் என்பது போன்ற விதிகள் இதற்கு உண்டு. நம் தேசத்தில் இந்த முயற்சிக்கு முன்னோடியான தாதாபாய் நௌரோஜி, 1867-68-ஆம் வருஷத்துக்குத் தலைக்கு இருபது ரூபாய் என்று கணக்கிட்டார். கணக்கிட்டதோடு நில்லாமல், சிறையிலிருக்கும் குற்றவாளியின் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் செலவிடும் தொகையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டினார். குற்றம் செய்யாத குடியானவனுக்குக் கைதியின் அளவுகூட மிஞ்சவில்லை என்று தெரிந்தது. சராசரி எண் தனியாக நின்று எதையும் விளக்காதென்பதும், அதைச் சோற்றுக்கும் துணிக்கும் பக்கத்தில் வைத்தே பார்க்க வேண்டுமென்பதும், இந்த சாஸ்திரம் பிறக்கும்போதே நம்மவர் ஒருவருக்குத் தெரிந்திருந்தன. பின்னாளில் அமெரிக்காவில் தேசிய வருமானக் கணக்கை உருவாக்கிய சைமன் குஸ்நெட்ஸ் என்பவரும், 1934-இல் அந்நாட்டுக் காங்கிரஸுக்கு அதைச் சமர்ப்பித்தபோதே, ஜனங்களின் நல்வாழ்வை இந்த எண்ணிலிருந்து ஊகித்துவிட முடியாதென எச்சரித்தார். எச்சரிக்கை மறக்கப்பட்டது, எண் மட்டும் உலகம் சுற்றியது.

சுதந்திர இந்தியாவில் 1949-இல் மகலனோபிஸ் தலைமையில் தேசிய வருமானக் குழு அமைந்தது, காட்கிலும் வி.கே.ஆர்.வி. ராவும் அதில் அங்கத்தினர்கள். அவர்கள் எதிர்ப்பட்ட சங்கடம் இன்றும் முழுதாகத் தீரவில்லை. பதிவு பெற்ற பெரிய ஆலை தன் கணக்கைத் தானே தாக்கல் செய்துவிடுகிறது. கோவில்பட்டிப் பக்கத்தில் வீட்டுத் திண்ணையில் தீப்பெட்டி ஒட்டுகிறவளும், திரேஸ்புரத்துக் கரையில் மீன் கூறு கட்டி விற்கிறவளும் யாரிடம் கணக்குக் கொடுப்பார்கள்? எப்போதாவது ஒரு முறை நடக்கும் ஆய்வைக் கொண்டு அவர்களுடைய உழைப்பை மதிப்பிட்டு, இடைப்பட்ட வருஷங்களில், பெரிய ஆலைகள் வளர்ந்த வேகத்திலேயே இவர்களும் வளர்ந்திருப்பார்களென்று வைத்துக்கொள்வது பல இனங்களில் வழக்கம். இயந்திரத் தீப்பெட்டியும் பிளாஸ்டிக் லைட்டரும் வந்து கைத்தீப்பெட்டியை நசுக்குகிற காலத்தில் இந்த அனுமானம் தலைகீழாகிவிடுகிறது: பெரியவன் சிறியவனை விழுங்குவது, இருவருமே வளர்ந்ததாகக் கணக்கில் ஏறுகிறது. அதனால்தான் முதல் மதிப்பீட்டை வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. 2024-25-க்குத் தமிழ்நாட்டின் வளர்ச்சி முதலில் 9.69 சதவீதம் என்று வெளியாயிற்று. சில மாதங்களுக்குப் பின் அதே வருஷத்துக்கு 11.19 என்று திருத்தப்பட்டது. இரண்டும் மகிழத்தக்க எண்களே. ஆனால் ஒன்றரைப் புள்ளி வித்தியாசம் என்பது சில தேசங்களின் ஒரு வருஷ வளர்ச்சி முழுவதற்கும் சமம்.

இவ்வளவும் பொது. விஷயத்தின் உட்பொருளை அறிய விரும்புகிறவருக்கு, மன்னார் வளைகுடாவின் சலாபத்தைவிட, அதாவது முத்துக் குளிப்பைவிடச் சிறந்த பாடம் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் இரண்டாயிரம் வருஷ வரவு செலவு அங்கே திறந்து கிடக்கிறது.

கிரேக்க மாலுமி ஒருவர் முதல் நூற்றாண்டில் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் கடல்வழிக் குறிப்பு, பாண்டிய நாட்டுக் கொற்கையின் முத்துக் குளிப்பைச் சொல்லி, அங்கே முத்தெடுப்பவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் சொல்கிறது. அதே நூற்றாண்டில் ரோமாபுரியின் பிளினி, இந்தியாவும் சீனாவும் அரேபியாவும் சேர்ந்து வருஷந்தோறும் பத்துக் கோடி செஸ்டர்ஸ் நாணயத்தைத் தம் சாம்ராஜ்யத்திலிருந்து உறிஞ்சிவிடுகின்றன என்று அங்கலாய்த்தார். அன்று ஒரு பொருளாதார நிபுணர் இருந்திருந்தால், ஏற்றுமதி உபரியையும் வந்து குவியும் பொன்னையும் கண்டு பாண்டிய நாட்டுக்கு எத்தனை உயர்ந்த ஸ்தானம் கொடுத்திருப்பார்! அந்தப் பொன்னுக்கு மூலமான மனிதன் கைதியாக மூச்சடக்கி மூழ்கிக்கொண்டிருந்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ காட்டும் ஏற்பாடு வேறு. கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் மூழ்கினார்கள், ராஜாவுக்குப் பத்திலொரு பங்கு போயிற்று, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவர்களுக்கு இருபதிலொரு பங்கு கிடைத்தது. பிற்காலத்தில் கும்பினியும் அதன்பின் வந்த சர்க்காரும் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு ஒரு பங்கைக் குளிப்பவர்களுக்கு விட்டன. பத்திலொன்று கேட்ட ராஜாவையும் மூன்றில் இரண்டு கேட்ட சர்க்காரையும், மொத்த விளைவு ஒன்றாக இருந்தால், உற்பத்திக் கணக்கு ஒன்றாகவே பாவிக்கும். பங்கீடு அதன் விசாரணைக்கு உட்பட்டதன்று.

அடுத்ததாகப் பாருங்கள்: தூத்துக்குடிச் சலாபம் 1822-இல் சுமார் 13,000 பவுனும், 1830-இல் சுமார் 10,000 பவுனும் சர்க்காருக்கு ஈட்டிக் கொடுத்தது, அதன்பின் கால் நூற்றாண்டுக்கும் மேலாக, சிப்பி வளரும் கடலடிப் பார்களில் எடுக்கத்தக்க சிப்பியே இல்லை. 1830-ஐ மட்டும் படம் பிடித்தவர் செழிப்பென்பார், 1840-ஐப் படம் பிடித்தவர் வறட்சியென்பார். எந்த வருஷத்தை ஆரம்பமாகவும் எந்த வருஷத்தை முடிவாகவும் வைத்துக்கொள்கிறோம் என்பதிலேயே வளர்ச்சி விகிதம் பாதி நிர்ணயமாகிவிடுகிறது. இன்றும் கட்சிக்காரர்கள் தத்தமக்கு உகந்த வருஷத்திலிருந்தே எண்ணத் தொடங்குகிறார்கள் என்பதை நாம் அறிவோம்.

இதைவிடப் பெரிய பாடம் எதிர்க்கரையில், இலங்கையில் நடந்தது. 1905-ஆம் வருஷத்துச் சலாபம் அங்கே அதுவரை காணாத லாபத்தைக் கொடுத்து, இருபது லட்சம் ரூபாய்க்கு மேல் கஜானாவில் சேர்த்தது. அந்தக் களிப்பில், மறு வருஷமே லண்டனில் ஒரு கம்பெனி அமைந்து, வருஷத்துக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது வருஷக் குத்தகைக்கு இலங்கைப் பார்களை எடுத்துக்கொண்டது. சில வருஷங்களில் சிப்பி தீர்ந்தது. கம்பெனி நஷ்டத்தில் கலைந்தது. நம் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. ஏழு வருஷம் இடைவிடாமல் நடந்ததே ஒரு விசேஷம். அதற்குப் பின் வர்த்தக ரீதியான முத்துக் குளிப்பு இந்தக் கடலில் நடக்கவேயில்லை. ஒவ்வொரு வருஷமும் எடுத்த சிப்பியின் விலை வருமானமென்று எழுதப்பட்டது. பாரில் எவ்வளவு குறைந்தது என்பது வருமானக் கணக்கில் எழுதப்படவில்லை. முதலைத் தின்பதையும் வட்டியைத் தின்பதையும் ஒரே பத்தியில் எழுதுகிற இந்தப் பழக்கமே, இயற்கை வளத்தை விற்று வாழும் நாடுகள் சில தசாப்தங்களில் பணக்காரராகத் தோன்றிப் பிறகு திடீரெனக் கையை விரிப்பதன் ரகசியம்.

சலாபத்தார் இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேலாகவே நடந்துகொண்டார்கள் என்று சொல்ல வேண்டும். சலாபம் கூறுமுன் பாரைச் சோதித்து, சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, அவற்றின் முத்தை நிறுத்து விலை மதித்து, சிப்பி இளசாயிருந்தால் அந்த வருஷம் சலாபமே வேண்டாமென்று நிறுத்திவிடுவதுண்டு. மகலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்குவதற்கு வெகு காலம் முன்னரே, மாதிரியைக் கொண்டு முழுமையை மதிக்கும் உபாயம் இந்தக் கடலில் நடைமுறையில் இருந்தது.

முத்துக்கு நேர்ந்தது பவளப்பாறைக்கும் நேர்ந்தது. தூத்துக்குடியை அடுத்த தீவுகளைச் சுற்றியிருந்த பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பல வருஷங்கள் வெட்டி எடுத்தார்கள். பாறை போனதும் அலையைத் தடுப்பார் இல்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போயின. 1986-இல் சுமார் 16 ஹெக்டேராக இருந்த வான்தீவு, 2016 வாக்கில் இரண்டு ஹெக்டேருக்கும் கீழாகச் சுருங்கியது. 2001-இல் பவளம் வெட்டுவது சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதன்பின், சர்க்கார் செலவில் கான்கிரீட்டினால் செயற்கைப் பாறைகள் வார்த்து அந்தத் தீவைச் சுற்றிக் கடலில் இறக்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, பாறையை வெட்டியபோது அதன் விலை மொத்த உற்பத்தியில் சேர்ந்தது. செயற்கைப் பாறையை இறக்கியபோது அந்தச் செலவும் மொத்த உற்பத்தியில் சேர்ந்தது. அழித்ததும் வளர்ச்சி, அழித்ததை ஈடுகட்டியதும் வளர்ச்சி! 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ஜில்லாவே வெள்ளக்காடானபோதும் இதே கதைதான். இடிந்த வீடும் செத்த மாடும் உற்பத்திக் கணக்கில் கழிக்கப்படுவதில்லை. மறுபடி போட்ட சாலையும் மாற்றி வாங்கிய மோட்டாரும் கூட்டப்படுகின்றன.

துறைமுகத்துக்கு வருவோம். பாஞ்சாலங்குறிச்சியில் ஞாபகார்த்தக் கோட்டையைத் தமிழக அரசு எழுப்பிய அதே 1974-இல்தான் தூத்துக்குடி, பெருந்துறைமுகமென்ற அந்தஸ்தைப் பெற்றது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்து, 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட வ.உ. சிதம்பரம் பிள்ளையின் பெயர் 2011-இல் அதற்கு இடப்பட்டது. இப்போது அது வருஷத்துக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாளுகிறது. இறக்குமதியில் பெரும்பகுதி நிலக்கரி. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் ஐந்து அலகுகளும் சேர்ந்து 1,050 மெகாவாட். துறைமுகம் பெருகுவது நன்மையே. ஆயினும் சரக்கு ஓர் ஊரின் வழியாகப் போவதும் அந்த ஊரில் தங்குவதும் வெவ்வேறு. 1876-இல் ரயில் தூத்துக்குடியை எட்டியது. அதே வருஷம் தாது வருஷப் பஞ்சமும் தொடங்கியது. அந்நாட்களில் கண்டிச் சீமைத் தோட்டங்களுக்குக் கூலியாட்கள் கப்பலேறிய துறைகளில் தூத்துக்குடி முக்கியமானது. ரயில் மைல் கணக்கும் பிரயாணிகள் தொகையும் பஞ்ச காலத்தில் நாகரிகத்தின் முன்னேற்றமாகவே வாசிக்கக் கிடைத்திருக்கும்.

இந்த இடத்தில் தாமிர ஆலையைப் பற்றிப் பேசாமல் நழுவினால் அது கோழைத்தனம். 1996-இல் உற்பத்தி தொடங்கிய ஸ்டெர்லைட் ஆலை, வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் டன் தாமிரம் உருக்கும் அளவுக்குப் பெருகியது. காற்றும் நீரும் கெடுவதாக ஜனங்கள் நெடுங்காலம் முறையிட்டு, 2018 மே 22-ந் தேதி ஊர்வலம் போனபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். ஆலை மூடப்பட்டது, தாமிரத்தை ஏற்றுமதி செய்துவந்த தேசம் இறக்குமதி செய்யும் தேசமாயிற்று, மறுபடி திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளியது. உற்பத்திக் கணக்கின்படி இது நஷ்டம். லாரி ஓட்டியவர்களும் ஒப்பந்தத் தொழிலாளரும் பிழைப்பை இழந்தது உண்மை, அதை இல்லையென்பது நியாயமல்ல. ஆனால், ஆலை ஓடிய இருபத்திரண்டு வருஷங்களில் ஒரு முறையாவது, சுவாசிக்கும் காற்றின் தரம் தாமிரத்தின் விலைக்கு எதிரே அதே ஏட்டில் எழுதப்பட்டிருந்தால், விவகாரம் தெருவுக்கு வந்து துப்பாக்கியில் முடிந்திருக்காதென்றே நினைக்கிறேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? ஜெர்மானியப் புள்ளிவிவர அறிஞர் எர்ன்ஸ்ட் எங்கெல் 1857-இல் கண்டுபிடித்த எளிய அளவுகோல் ஒன்று இன்னும் மழுங்கவில்லை: குடும்பம் ஏழையாக இருக்குமளவு, அதன் செலவில் சாப்பாட்டின் பங்கு அதிகமாயிருக்கும். இந்தியக் கிராமங்களில் 1999-2000-இல் நூற்றுக்கு 59 ரூபாய் உணவுக்குப் போயிற்று. 2022-23-இல் அது 46 ரூபாய். கணக்கெடுக்கும் முறை இடையில் மாறியிருக்கிறது என்பதை மறவாமல் பார்த்தாலும், மாட்டு வண்டியிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கு வந்துவிட்ட கிராமங்களைக் கண்ணால் கண்டவர்கள் இந்த எண்ணை நம்புவார்கள். முன்னேற்றம் பொய்யன்று.

இன்னும் நம்பத்தக்க சாட்சி குழந்தைகளின் உடம்பு. உயரத்தைத் திருத்தி எழுத எந்த நிதி மந்திரியாலும் முடியாது. தமிழ்நாட்டில் உயிரோடு பிறந்த ஆயிரம் சிசுக்களில் ஒரு வயதுக்குள் இறந்தவை 1981-இல் 91, 2011-இல் 22, 2020-இல் 13. அகில இந்திய எண் அந்த 2020-இல் 28. இது தானாக நேர்ந்ததன்று. பாஞ்சாலங்குறிச்சிக்கு அப்பால், இதே கரிசல் பூமியிலுள்ள எட்டயபுரத்தில் 1956-இல் காமராஜர் தொடங்கி வைத்த பள்ளிக்கூட மதிய உணவும், கிராமந்தோறும் பரவிய ஆரம்ப சுகாதார நிலையங்களும், படித்த தாய்மாரும் சேர்ந்து செய்த காரியம். மதிய உணவுத் திட்டத்தை அன்று வீண் செலவென்று கருதியவர்கள் இருந்தார்கள். சோறு அவர்கள் ஏட்டில் செலவு, முதலீடல்ல.

ஆனால் அதே உடம்பு இன்னொன்றையும் சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கிலொன்று வயதுக்கேற்ற உயரமில்லாதது; 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்த சோகை. இந்திய ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேருக்கு மேல் பணிபுரிவதும் இதே மாநிலத்தில்தான். முன்னேற்றத்தைக் காட்டும் எண்களும் குறையைக் காட்டும் எண்களும் ஒரே தேசப்படத்தில், ஒரே வீட்டில்கூட, இருக்கின்றன. எது உண்மை என்று கேட்பதில் பயனில்லை. பிழைத்திருப்பதில் நாம் மிகவும் முன்னேறியிருக்கிறோம், புஷ்டியில் பின்தங்கியிருக்கிறோம். சம்பளம் கைக்கு வருகிறது. ரத்தத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் கருதும் சோதனை, நல்ல வருஷத்தில் எவ்வளவு கிடைக்கிறதென்பதைவிட, கெட்ட பருவத்தில் எவ்வளவு தாங்குகிறதென்பது. தூத்துக்குடி உப்பளங்களில் வெயில் இருக்கும் வரையில்தான் வேலை. ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை இறங்கிவிட்டால், பாத்தியில் உப்பு விளையாது, தலையில் சுமந்து அம்பாரம் சேர்க்கும் பெண்களுக்குக் கூலி இல்லை. வருஷக் கூலியைப் பன்னிரண்டால் வகுத்துச் சராசரி சொல்லும் கணக்கில் இந்தக் குழி நிரவிவிடும், வீட்டில் நிரவாது. அந்த மூன்று மாதத்தைக் கடனில்லாமல் கடக்கிற அளக்காரக் குடும்பங்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகின்றனவா, கம்மலும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போகாமல் காதிலும் கழுத்திலும் இருக்கின்றனவா என்று விசாரித்தால், அந்த ஒரு தாலுகாவின் பொருளாதாரத்தைப் பற்றி எந்த ஆண்டறிக்கையும் சொல்லாததை அறிந்துகொள்ளலாம். 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் திறந்த வின்பாஸ்ட் மின்சாரக் கார் ஆலையையும், குலசேகரன்பட்டினத்தில் எழும் ராக்கெட் ஏவுதளத்தையும் இதே கேள்வியைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும்: எத்தனை கார் வெளிவந்தது என்பது ஆலைக்காரரின் கணக்கு, சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீடுகளுக்கு மழைக்காலத்திலும் நிற்காத சம்பளம் வந்தது என்பது நம் கணக்கு.

சமீப வருஷங்களில் மாநில அரசு, அந்த மழை மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் கொடுத்துவருகிறது. பொருளாதார சாஸ்திரத்தின் விதிப்படி இந்தத் தொகை மாற்றுக் கொடுப்பனவு எனப்படும்; எதையும் உற்பத்தி செய்ததற்காகக் கொடுக்கப்பட்டதல்ல ஆகையால், மொத்த உற்பத்திக் கணக்கில் ஒரு காசும் சேராது. அடகு வைத்த நகைக்கு வட்டிக் கடைக்காரர் வாங்கும் வட்டியில், அவருடைய ஊழியத்தின் மதிப்பென்று ஒரு பகுதி சேரும்.